தேசம்மா ஏற்றாத இரும்பு

மயிலாப்பூர் கால்வாய்க் கரையில் கோதண்டபாணியின் காயலான் கடை. அங்கே ஆறு வருடமாகப் பழைய இரும்பைத் தரம் பிரித்துப் படகில் ஏற்றி வந்தாள் தேசம்மா. படகு துறைமுகம் போகும். அதற்கப்புறம் எங்கே என்று அவள் கேட்டதில்லை.

1938 தை மாதம், கப்பலில் கரி அள்ளப் போயிருந்த தம்பி குப்பன் திரும்பி வந்தான். இடது கை முழங்கையோடு போயிருந்தது.

"சீனாக்காரன் துறைமுகத்துல நின்னுகினு இருந்தோம்க்கா. ஜப்பான் ஏரோப்ளேன் குண்டு போட்டுட்டுப் போச்சு."

மறுநாள் காலை முதலாளி எதிரில் போய் நின்றாள்.

"நைனா, நம்ம இரும்பு எங்க போவுது?"

"ஜப்பானுக்கு. வேற எவன் இந்த வெல குடுப்பான்?"

"அங்க இன்னா பண்றாங்க?"

கோதண்டபாணிக்குப் பூசி மெழுகத் தெரியாது. "பீரங்கி, குண்டு. நமக்குத் துணியும் பொம்மையும் மலிவா வித்து, அந்தக் காசுல நம்ம இரும்பையே வாங்கிக்கினு போறான். அவன் பட்டாளத்துச் செலவு ஏற ஏற நமக்குக் கிராக்கி. நம்மகிட்ட அவனுக்கு இன்னா பகை? சிநேகிதக்காரன்தான்."

"எந்தம்பி மட்டும் பகையாளியா? நாளைக்கு முறைச்சிக்கினா நம்ம தலையில போட மாட்டானா?"

தேசம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்ட, கூட இரும்பு பிரிக்கும் கெங்கம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் கடையில் இருந்த ஏழு பெண்களும் வேலையை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"வேற ஆளு கெடைக்காதா?" என்று கத்தினார் முதலாளி.

"கூட்டியா. நான் ஏத்த மாட்டேன்."

மூன்றாம் நாள் வெளியாட்கள் வந்து ஏற்றினார்கள், படகு போய்விட்டது. ஐந்து பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. தேசம்மா அவர்களைக் குறை சொல்லவில்லை. அவளும் கெங்கம்மாவும் நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கித் தியாகராய நகர்த் தெருக்களில் கூவி விற்றார்கள். முதல் வாரம் பாதி மீன் விற்காமலே கெட்டுப்போனது. அப்போதும் அவள் கால்வாய்ப் பக்கம் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கோதண்டபாணி தெருவிலேயே அவளை மறித்தார்.

"புது ஆளுங்க வார்ப்பிரும்பையும் தகட்டையும் ஒண்ணாக் கலந்துடறானுங்க. உள்ளூர்ப் பட்டறைக்குப் போற சரக்கு கொஞ்சம் கீது. ஏர்க்கொழு, கிணத்து உருளை செய்றாங்க. அத மட்டும் நீ பிரி."

"படகுக்குப் போறது?"

"அது போய்க்கினுதான் இருக்கும், தேசம்மா. நான் மறைக்கல."

அவள் யோசித்தாள். அந்தப் படகை நிறுத்த அவளால் முடியாது. ஆனால் அவள் கை இல்லாமல்தான் அது நிரம்பும்.

"பட்டறைக் குவியலுக்குத் தனியா வேலி போடு. அதுல ஒரு ஆணி படகுக்குப் போனாலும் அன்னிக்கே எழுந்து போயிடுவேன்."

"போடறேன்."

"கெங்கம்மாவும் வருவா."

அவர் தலையாட்டினார். தேசம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். அன்றைய மீன் இன்னும் பாதி இருந்தது.