மூன்று தடவை பூட்டியிருந்த வீடு

கொடியில் கிடந்த சின்னப் பாவாடையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது, பச்சைக் கதவில் பூட்டுத் தொங்குகிறது, தங்கமணி சிவப்பு மெழுகுக் கட்டியால் நிலையில் வட்டம் போட்டு உள்ளே காலி என்று எழுதுகிறாள், அது போன வாரமா, அதற்கு முந்தின வாரமா, இப்போது வேலை முடிந்து தன் லைன் வீட்டுச் சந்துக்குள் கால் கடுக்க வரும்போது எல்லாக் கதவும் அந்தக் கதவாகவே தெரிகிறது. மாவட்டத்தில் எத்தனை குடும்பத்துக்கு வீடு தேவை என்று தெருத் தெருவாகக் கணக்கெடுக்கும் தற்காலிக வேலை அவளுக்கு, மூன்று நாள் மூன்று தடவை போயும் பூட்டியிருந்தால் காலி வீடு என்று போட்டுவிட வேண்டியது, மேற்பார்வையாளர் அவர்பாட்டுக்குச் சொல்லிவிட்டார், பனியன் கம்பெனி ஊரில் பகலில் எந்த மகராசி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், புருஷன் ஒரு கம்பெனி, பெண்டாட்டி ஒரு கம்பெனி, பிள்ளை பள்ளிக்கூடம், பூட்டுதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. பாவாடை ஈரமாக இருக்கிறதே என்று அன்றைக்கு அவள் மனசு கேட்காமல் இல்லை, ஆனால் இன்னும் நாற்பது வீடு பாக்கி, வெயில் மண்டையைப் பிளக்கிறது, எழுதிவிட்டு நடந்தாள்.

நடந்த தெருவிலெல்லாம் அவளும் வீடு தேடினாள், ஒரு கண் படிவத்தில், ஒரு கண் வாடகைப் பலகையில். அவள் குடியிருக்கும் லைன் வீடுகளை இடித்து அறை அறையாகக் கட்டி, வடக்கேயிருந்து வரும் பையன்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விடப்போகிறாராம் வீட்டுக்காரர், தை பொறந்ததும் ஒழிச்சுக் குடுத்துருங்கம்மணி என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அவருக்கென்ன. போன இடத்திலெல்லாம் எத்தனை பேர், விருந்தாடி வருமா, தண்ணி எவ்வளவு செலவாகும் என்று ஆயிரம் கேள்வி, கடைசியில் ஒரு மாடி வீட்டம்மா உடைத்தே சொன்னாள், குடும்பத்துக்கு விடறதில்லீங்க, நாலு பசங்கன்னா நாலு வாடகைங்க. மிச்சமிருந்தது கணக்கெடுப்புப் பட்டியல் ஒன்றுதான், அதில் பெயர் ஏறினால்தான் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக் குலுக்கலில் சீட்டு. சொந்தத் தெருவை எடுக்கக் கூடாது என்பதால் இந்தச் சந்து பரிமளாவுக்குப் போயிற்று, பயிற்சியன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், தன் வீடு இன்னதுதான் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தோன்றவில்லை, கணக்கெடுக்கிறவளையே விட்டுவிடுவார்களா என்ற மிதப்பு.

நேற்று அந்தப் பச்சைக் கதவுக்காரி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள், தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி, கம்பெனியிலிருந்து அரை நாள் கேட்டு வந்திருக்கிறாள். ஏனுங்க்கா, மூணு பேரு குடியிருக்கறமுங்க, காலின்னு எழுதிட்டுப் போயிட்டீங்களே. தங்கமணி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், என்ற பட்டியல் முந்தாநாளே போயிருச்சுங்க, அடுத்த தடவ பாத்துக்கலாமுங்க. அவள் சண்டை பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் தேவலை என்று ராத்திரி பூராவும் தங்கமணிக்கு இருந்தது.

சந்தின் கடைசியில் தன் வீடு, பூட்டு, காலையில் அவளே போட்டுவிட்டுப் போன பூட்டு, நிலையில் சிவப்பு வட்டம். காலையில் அது இல்லை. அப்படியே நின்று பரிமளாவுக்குப் போன் போட்டாள், பரிமளா, கடைசி வீடு என்னோட வீடும்மா. பஸ் இரைச்சலுக்கு நடுவே, ஐயோ அக்கா, எனக்கெப்படித் தெரியும், மூணு நாளும் பூட்டிக் கெடந்துச்சு, பட்டியல நாலு மணிக்கே குடுத்துட்டனே, அடுத்த தடவ பாத்துக்கலாமுங்க்கா. திட்ட வாயெடுத்தவளுக்குத் திட்டு வரவில்லை, வெட்கம்தான் வந்தது, கொடியில மகளோட யூனிபாரம் கெடந்துச்சேம்மா என்று மட்டும் கேட்டாள். பரிமளாவின் குரல் இறங்கியது.

பாத்தனுங்க்கா, ஈரமாத்தான் இருந்துச்சு.

தங்கமணி போனை இடுப்பில் செருகினாள், யூனிபாரத்தைத் தொட்டுப் பார்த்தாள், நன்றாகக் காய்ந்திருந்தது, உருவித் தோளில் போட்டுக்கொண்டு பூட்டைத் திறந்தாள்.