நான்காவது துவாரம்

மூன்று கடிதங்கள் காணாமல் போயிருந்தன. மூன்றும் மேல்மாடியில் இருக்கும் கூட்டாட்சி நீதிபதிக்கு வந்த பதிவுத் தபால். கீழே தபால் அறைக்கு வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து இருந்தது; மாடி ஏறியதற்கு இல்லை. பதிவுத் தபாலைப் பிரித்து அடுக்குபவன் ஹால்வர். பழி நேராக அவன் தலையில் வந்து விழுந்தது.

"வேவுக்கூடத்துல இருந்து ஆய்வாளரே பாத்திருக்காருப்பா" என்றார் தபால் அதிகாரி கிரம். "செவ்வாய்க்கிழமை, நாலாவது துவாரம். சட்டைக்குள்ள சொருகினியாம். சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துடு, வேலை போறதோட முடிஞ்சிடும். இல்லன்னா மாடில கூண்டுல நிக்கணும்."

ஹால்வர் நிமிர்ந்து பார்த்தான். தபால் அறையின் சுவரில், கூரையை ஒட்டி, வரிசையாக ஆறு தகடுகள். ஒவ்வொன்றிலும் விரல் அகலத் துவாரம். அவற்றின் பின்னால், ஊழியர்களை ஒளிந்திருந்து கண்காணிக்க இருட்டான ஒரு நடை; அதுதான் வேவுக்கூடம். அதன் சாவி தபால் இலாகா ஆய்வாளரிடம் மட்டும். அவர் எப்போது வருவார், போவார் என்பது கிரம்முக்கும் தெரியாது. பதினோரு வருடங்களாக ஹால்வர் அந்தத் துவாரங்களுக்குப் பயந்து முதுகைக்கூடச் சொறிந்ததில்லை.

அவன் சந்தேகம் எஸ்ராவின் மேல் போனது. கட்டடத்தைப் பராமரிக்கும் எஸ்ராவின் இடுப்பில் மற்ற எல்லாக் கதவுகளின் சாவியும் தொங்கும். கொதிகலன் அறையில் கம்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தவரிடம் போய் நின்றான்.

"கடிதாசிய நீ எடுத்தியா?"

"நீதிபதி கடிதாசிய வச்சு நான் அடுப்பா எரிக்கப் போறேன்? கிரம்மோட மச்சினன்மேல சாராய கேஸு, அடுத்த வாரம் விசாரணை. சாட்சிக்காரன் எழுதுன கடிதாசி காணலைன்னா யாருக்கு ஆதாயம்? எங்கிட்ட வந்து கேக்குற."

"என்னை நாலாவது துவாரத்துல இருந்து பாத்தாங்களாம்."

எஸ்ரா மெல்லுவதை நிறுத்தினார். பிறகு ரொட்டித் துணுக்குகள் சிதற, வாய்விட்டுச் சிரித்தார்.

"நாலாவதா? யோவ், முப்பத்தொண்ணாம் வருஷம் கட்டடத்துக்குப் பின்னால ஒட்டிக் கட்டினப்போ நாந்தான்யா செங்கல் சுமந்தேன். கைதிங்கள நேரா கோர்ட்டுக்கு ஏத்துறதுக்கு ஒரு மாடிப்படி வேணும்னாங்க. வேவுக்கூடத்துல பாதிய வெட்டிட்டுத்தான் அந்தப் படி ஏறுது. நாலு, அஞ்சு, ஆறு, இந்த மூணு துவாரத்துக்கும் பின்னால வெறும் சுவருதான். நீங்கள்லாம் பயந்து கிடக்கட்டும்னு தகட்ட மட்டும் விட்டுட்டாங்க."

ஹால்வர் உடனே நம்பிவிடவில்லை. எஸ்ராவும் கிரம்மும் சேர்ந்து ஆடும் நாடகமாக இருந்தால்? அளந்து பார்க்காமல் எதையும் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இல்லை. ஏணியையும் மர அளவுகோலையும் எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கத் தபால் அறைக்கு வந்தான்.

"ஏய், இறங்குடா!" என்று கத்தினார் கிரம்.

அவன் அளவுகோலை நான்காவது துவாரத்தில் நுழைத்தான். நான்கு அங்குலம் போய் 'டொக்'கென்று நின்றது. இழுத்தபோது நுனியில் செங்கல் தூள்.

"சார், ஆய்வாளர் எங்க உக்காந்து பாத்தாரு? செங்கலுக்குள்ளயா?"

கிரம்மின் கண்கள் தன் மேசை இழுப்பறைக்குப் போய், அங்கிருந்து, மேசைக்கு நேர் மேலே இருந்த இரண்டாவது துவாரத்துக்குத் தாவின.

அந்தத் துவாரத்திலிருந்து யாரோ இருமினார்கள்.

"நான் நேத்துல இருந்து இங்கதான் இருக்கேன், கிரம்" என்றது சுவருக்குள்ளிருந்து ஆய்வாளரின் களைத்த குரல். "உங்க இழுப்பறையத் திறந்து வைங்க. அந்த மூணு கடிதாசியையும் மேசைமேல பரப்புங்க. இதோ இறங்கி வர்றேன்."

கிரம் சட்டைப்பையில் இழுப்பறைச் சாவியைத் தேட ஆரம்பித்தார். ஹால்வர் ஏணியிலிருந்து இறங்கி, அளவுகோலில் ஒட்டிய தூளைத் துடைத்தான். பிறகு, இரண்டாவது துவாரத்தை மறைக்காதபடி ஏணியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.