மாமாவின் லாரி முக்கி முனகிக் கிளம்புவது ஏன்?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது காதல் கதை. கதாநாயகி மாடிப்படியில் கால் வைக்கும் நேரம் பார்த்து, என் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் லாரி நிறுத்தத்தில் ஒரு லாரி 'ஊம்... ஊம்... ஊம்...' என்று முனகியது. ஆறாவது முனகலில்தான் எஞ்சின் பிடித்தது. அதற்குள் காதல் ஆறிப்போய்விட்டது. நாயகி இன்னும் அந்தப் படியில்தான் நிற்கிறாள். மன்னிக்கவும்.

2

தொடக்கம் ஒன்று: "வானம் சிவந்திருந்தது. அந்தப் பழைய லாரியின் நெஞ்சுக்குள் சொல்ல முடியாத ஒரு"

(லாரிக்கு நெஞ்சு கிடையாது. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "உன் தம்பி என் லாரியைக் கெடுத்துட்டான்!"

இது பரவாயில்லை. சண்டையில் ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்ட மாட்டீர்கள். கத்தியவர் லாரிக்குச் சொந்தக்காரர்; ஓட்டுநரும் அவரே. கத்தியது மனைவியிடம். மெதுவாகப் பேசத் தெரியாதவர் என்பதால் நிறுத்தத்தில் அவருக்கு 'ஏர் ஹாரன்' என்று பெயர். மனைவியின் தம்பி மெக்கானிக். நிறுத்தத்தின் ஓரத்திலேயே கடை. இரண்டு வாரம் முன்பு, அக்கா புருஷனான இந்த மாமாவின் லாரியிலிருந்து எஞ்சினைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, இரண்டு நாள் கடையில் வைத்துப் பழுது பார்த்து மாட்டிக் கொடுத்தான். மாட்டிய நாளிலிருந்துதான் இந்த முனகல்.

ஏர் ஹாரன் வீட்டுக்குள் சொன்னாலும் ஊருக்கே கேட்கும். நிறுத்தத்தில் இருபத்திரண்டு லாரிகள். இப்போது ஒன்றுகூடத் தம்பி கடைப் பக்கம் திரும்புவதில்லை. அவன் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்குகிறான். பிறகு கலைத்து மறுபடி அடுக்குகிறான். ஆக, இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது லாரி இல்லை. தம்பியின் தொழில் பெயர்.

3

(அக்கா விஷயத்தில் நான் தடுமாறினேன். முதல் பிரதியில் தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று மூன்று தடவை அழுதாள். எனக்கே சலித்துவிட்டது. இரண்டாம் பிரதியில் கண்ணீரைப் பிடுங்கிக்கொண்டு கையில் பெயிண்ட் பிரஷைக் கொடுத்தேன். கதைக்கு உயிர் வந்தது. கூடவே வம்பும் வந்தது.)

மோட்டார் கடையில் கிடந்த அந்த இரண்டு நாளும் லாரி சும்மா நின்றது. எதுவும் சும்மா நின்றால் அக்காவுக்குப் பொறுக்காது. வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீல பெயிண்ட்டை எடுத்துக்கொண்டு போய், துருப்பிடித்துக் கிடந்த லாரியின் அடிச்சட்டம் முழுக்க அடித்துத் தள்ளிவிட்டாள். எல்லோரும் பாராட்டினார்கள். மாமாவுக்கும் பெருமை தாங்கவில்லை.

4

"குறை சொன்னது போதும். அவனையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள் அக்கா. தம்பி வந்தான். கொளுத்தும் வெயிலிலும் வேடிக்கை பார்க்க ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள்.

"பேட்டரி புதுசு மாப்ள. போன வாரம் மாத்தினேன்."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க மாமா?"

"டீக்கடையில சொன்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"டீசல்ல தண்ணின்னாங்க, ஃபில்டரை மாத்தினேன். எஞ்சினுக்கு வயசாயிடுச்சுன்னாங்க. அதுக்கு நான் என்ன பண்றது?"

"டீசல் கோளாறுன்னா மோட்டார் வேகமாச் சுத்தும், எஞ்சின்தான் பிடிக்காது. இங்க சுத்துறதே ஆமை வேகம்."

"அதைத்தானே நானும் சொல்றேன். சுத்துறது யாரு மோட்டார்? உன் மோட்டார்!"

கூட்டம் சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தான், பேட்டரியில் குறையில்லை. தனியாக ஒரு தடித்த கேபிளை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை நேரே எஞ்சின் இரும்பிலும் மாட்டினான்.

"இப்பத் திருப்புங்க."

சாவியைத் திருப்பிய கையை எடுப்பதற்குள் எஞ்சின் உறுமியது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

* இயந்திரம் தெரியாதவர்களுக்கு: கரண்ட் மோட்டாருக்குப் போனால் மட்டும் போதாது. அடிச்சட்டத்தின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும். இங்கே திரும்பும் வழியை யாரோ அடைத்திருந்தார்கள்.

தம்பி எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் நுழைந்தான். பேட்டரியின் மைனஸிலிருந்து வரும் எர்த் கேபிள் அடிச்சட்டத்தில் சேரும் போல்ட்டைத் தொட்டான். சுட்டது. கழற்றினான். அடியில் வழவழவென்று, கரண்ட்டுக்கு வழிவிடாத நீல பெயிண்ட்.

வேறு யாராக இருந்தாலும் கேபிளைச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அக்கா கேபிளைக் கழற்றி, அதற்கு அடியிலும் இரண்டு கோட் அடித்து, காயவைத்து, மறுபடி முறுக்கியிருக்கிறாள். அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விடுகிற ஆள் இல்லை அவள். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய்வந்ததால்தான் லாரி முனகவாவது முனகியது.

5

உப்புத்தாளால் பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளத்ததும் கேபிளை முறுக்கிவிட்டு வெளியே வந்தான். இப்போது தனிக் கேபிள் இல்லாமலே முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

"என்னடா கோளாறு? எல்லார் முன்னாடியும் சொல்லு!" என்றார் ஏர் ஹாரன்.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறான். கடை பிழைக்கும். ஆனால் அந்த லாரி ஓடுகிற காலம் வரைக்கும், அக்கா ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தால்கூட மாமா ஹாரன் அடிப்பார்.

முடிவு இரண்டு: "என் மோட்டார்லதான் மாமா ஒரு ஒயர் சரியில்ல." அக்கா தப்பித்தாள். கடைக்குப் பூட்டு.

முடிவு மூன்று: திடீரென்று மழை கொட்டிக் கூட்டம் கலை

(வெயில் கொளுத்துகிறது என்று மேலே எழுதித் தொலைத்துவிட்டேன்.)

'எர்த் கேபிள் சரியாப் பிடிக்கல' என்று பொதுவாகச் சொல்லி மழுப்பலாமே என்பீர்கள். மழுப்பிப் பார்த்தான்.

"அப்ப மோட்டாரை மாட்டும்போது அதை விட்டது யாரு? நீதானே!" என்றார் மாமா. கூட்டம் தலையாட்டியது.

6

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட நினைத்தேன்; அவள் நகரவில்லை. தம்பியின் கையிலிருக்கும் உப்புத்தாளைப் பார்க்கிறாள். அதில் நீலத் தூள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது தம்பிக்கும் புரிந்துவிட்டது.

"மாமா..." என்று தம்பி ஆரம்பிக்கிறான்.

"இங்க பாருங்க..." என்று அக்காவும் ஆரம்பிக்கிறாள்.

ஒருவர்தான் பேச முடியும். யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் யாருக்காவது அக்கா என்றால் அக்காவைப் பேசவிடுவீர்கள். தம்பி என்றால் தம்பியை. எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வரி உங்களுடையது.

மாமாவாக இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து ஒரு நிமிஷம் சும்மா இருக்கவும்.