மயிரிழை தடித்த தோட்டா

பூட்டுக் கம்பெனி துப்பாக்கி செய்யப் போகிறது என்றதும் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டுமே! கதவுத் தாழ்ப்பாளை எப்படிப் போடுகிறோம்? தள்ளுகிறோம், திருப்புகிறோம், கைப்பிடியைக் கீழே இறக்குகிறோம். அந்தக் காலத்துப் பட்டாளத் துப்பாக்கியிலும் அதே வேலைதான். ஒரு தடவை சுட்டதும் தாழ்ப்பாள் மாதிரி இருக்கிற போல்ட்டைக் கையால் இழுக்கணும், சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி வெளியே துள்ளும், அடுத்த தோட்டாவோடு சேர்த்துத் தள்ளிக் கைப்பிடியை இறக்கணும். இன்றைக்கு எந்தப் பட்டாளமும் அதைச் சீந்துவதில்லை. ஆனால் குறி பார்த்துச் சுடுகிற கிளப்காரர்களுக்கு அதன்மேல்தான் பைத்தியம். பழைய துப்பாக்கியெல்லாம் குழல் தேய்ந்து கிடக்கிறது, புதிதாகச் செய்து கொடுங்கள், ஆனால் பழைய மாதிரியே செய்து கொடுங்கள் என்று வந்து நின்றார்கள். பூட்டு வியாபாரம் படுத்துவிட்ட நேரம். முதலாளி சட்டென்று தலையாட்டிவிட்டார்.

முற்றத்துக்கு இந்தப் பக்கம் துப்பாக்கி ஷெட், அந்தப் பக்கம் தோட்டா ஷெட். துப்பாக்கி ஷெட்டுக்குப் பொறுப்பு தாழ்ப்பாள் அக்கா. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தாழ்ப்பாள் பிரிவில் குப்பை கொட்டியவள், அதனால் அந்தப் பெயர். அவளுடைய வீட்டுக்காரர் தோட்டா ஷெட்டைப் பார்த்துக்கொண்டார். அக்காவின் புருஷன் மாமாதானே? தோட்டா மாமா ஆகிவிட்டார். அவரைவிட மூத்த ஃபிட்டர்கூட மாமா என்று கூப்பிட்டால் அவருக்கு எரியும். எரிகிறது என்று தெரிந்த பிறகு யார் விடுவார்கள்?

முதலாளி எதையும் மூடி மறைக்கிற ஆளில்லை. "கிளப்புக்கு முதல் லாட் பிடிச்சுப் போச்சுன்னா வருஷம் பூரா ஆர்டர். பிடிக்கலைன்னா துப்பாக்கி ஷெட்டை மூடிடுவேன். திரும்பிப் போறதுக்குப் பூட்டு வேலையும் இல்லை, சொல்லிட்டேன்" என்று அக்காவிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். ஷெட்டில் இருந்த ஒவ்வொருவரையும் அக்காதான் பொறுக்கி எடுத்துப் பழக்கியிருந்தாள். அத்தனை பேர் வீட்டு அடுப்பும் அவள் தலைமேல் எரிகிற மாதிரிதான் அவளுக்கு இருந்தது.

இனி அந்தத் தோட்டாவைப் பற்றிச் சொல்லணும். அதன் அடியில் தட்டு மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். குழலின் பின்வாயில் அந்த விளிம்பு போய் முட்டி நிற்க, பின்னாலிருந்து போல்ட் வந்து அணைக்கும். குழலுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் எல்லாம். குறைந்தால் கைப்பிடி இறங்காது. கூடினால் சுடும்போது குப்பி பின்னால் இழுபட்டுக் கிழியும், கிழிந்தால் சூடான புகை சுடுகிறவர் முகத்துப் பக்கம் திரும்பும். இதை அளக்க எஃகில் இரண்டு கேஜ் உண்டு. ஒன்றைப் போட்டால் கைப்பிடி இறங்கணும், மற்றதைப் போட்டால் இறங்கவே கூடாது. வெளியிலிருந்து வரவழைத்த சாமான், விலையோ யானை விலை. "தினம் போட்டுத் தேச்சுடாதீங்க" என்று முதலாளி அவற்றை எண்ணெய்த் தாளில் சுற்றித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பூட்டுக் கம்பெனி முதலாளியாயிற்றே, வேறென்ன செய்வார்!

கேஜ் பீரோவுக்குப் போனதும் ஷெட்காரர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாமா மருந்தில்லாத டம்மி தோட்டா கொஞ்சம் செய்து அனுப்புவார், அக்கா அதைப் போட்டுத் துப்பாக்கியைப் பார்ப்பாள். அக்கா மரக்கட்டை மாட்டாத துப்பாக்கி ஒன்றை அனுப்புவாள், மாமா அதில் போட்டுத் தோட்டாவைப் பார்ப்பார். புது லாட் வந்தால் புது டம்மி, புதுத் துப்பாக்கி. ஆகா, என்ன வசதி!

புருஷன் பெண்டாட்டிதானே, ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசித்தான் பார்த்தார்கள். ஆரம்பத்தில் சாப்பாட்டு மேஜையிலேயே குழல், விளிம்பு, உன் ஷெட், என் ஷெட் என்று ஒரே ரகளை. காலேஜில் படிக்கிற மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "துப்பாக்கிப் பேச்சு வாசலோட நிக்கணும். இல்லைன்னா நான் ஹாஸ்டலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றோடு வீட்டில் நிம்மதி வந்தது. நிஜமாகவே வந்தது. சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள், சேர்ந்து நடக்கப் போனார்கள். கம்பெனியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

அப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிளப் செயலாளர் அம்மா, முதல் லாட்டைச் சுட்டுப் பார்க்கிற சோதனைக்கு முந்தின நாள், தன் பழைய துப்பாக்கியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அசல் பட்டாளத்துச் சரக்கு. கூடவே வேறொரு கம்பெனித் தோட்டா ஒரு டப்பா. "ஒப்பிட்டுப் பார்த்துக்கோங்க, நாளைக்கு வர்றேன்" என்று புறப்பட்டுப் போனார்.

அக்கா ஆசையாக அந்தப் பழைய துப்பாக்கியில் மாமாவின் டம்மியைப் போட்டுத் தள்ளினாள். கைப்பிடி பாதியில் நின்றது. "கிழவி அடம் பிடிக்கிறா" என்று ஃபிட்டர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பிறகு டப்பாவிலிருந்து வேறு கம்பெனித் தோட்டா ஒன்றை எடுத்து, சுடும் ஊசியைக் கழற்றிவிட்டுப் போட்டாள். கைப்பிடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதே தோட்டாவைத் தன் புதுத் துப்பாக்கியில் போட்டாள். இறங்கியது, ஆனால் உள்ளே லொடலொடவென்று ஆடியது.

அக்கா தோட்டாவை வெளியே எடுத்து வைத்தாள். ஓடிப்போய் முதலாளியிடம் சாவி வாங்கி எஃகு கேஜை எடுத்து வந்தாள். இறங்கவே கூடாத கேஜ், வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கித் தொலைத்தது. அடுத்த துப்பாக்கி, அதற்கடுத்தது, ஸ்டாண்டில் இருந்த எல்லாவற்றிலும் அதே கதை.

முற்றத்தைத் தாண்டித் தோட்டா ஷெட்டுக்குள் நுழைந்தவள், ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை. "என்னங்க, விளிம்பைத் தடிமனாக்கினீங்களா?"

மாமா லேத்தை நிறுத்தினார். "ஆமா. நீ அனுப்புற துப்பாக்கியில என் தோட்டா ஆடிச்சு. சரி, அவ ஷெட்ல ஏதோ கஷ்டம் போலிருக்கு, நாமளே ஒரு மயிரிழை ஏத்திக்குவோம்னு ஏத்தினேன்."

"ஐயோ, நீங்க அனுப்பின டம்மி இறுக்கமா இருக்குதுன்னு நான் இடைவெளியைக் கூட்டினேனே!"

"நீ கூட்டினதாலதான் ஆடிச்சு. ஆடினதாலதான் நான் மறுபடி ஏத்தினேன்."

"நீங்க ஏத்தினதால நான் மறுபடி கூட்டினேன்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எத்தனை தடவை இப்படி நடந்திருக்கும் என்று கேட்க இரண்டு பேருக்குமே தைரியமில்லை. இவள் துப்பாக்கிக்கு அவர் தோட்டா கச்சிதமாகப் பொருந்தும். உலகத்தில் வேறு எந்தத் தோட்டாவும் பொருந்தாது, அவர் தோட்டா வேறு எந்தத் துப்பாக்கியிலும் ஏறாது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"கேட்டா சண்டை வரும். மாத்தினா ரெண்டு நிமிஷ வேலை. நீ ஏன் கேக்கல?"

அவளும் அதே காரணத்தால்தான் கேட்கவில்லை. இந்த மனுஷன் எதிலும் ஒரு அங்குலம் இறங்கிவரமாட்டார் என்று அவள் தன் தங்கையிடம் எத்தனை தடவை புலம்பியிருப்பாள்! அவர் சத்தமில்லாமல் இறங்கி வந்துகொண்டே இருந்திருக்கிறார். கோபப்படுவதா, கட்டிப் பிடித்துக்கொள்வதா என்று அவளுக்குப் புரியவில்லை. தோட்டா ஷெட்டில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் கோபமே பட்டாள்.

மாமா குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு நம்ம தோட்டாவைப் போட்டுத்தான் சுடப்போறாங்க. எல்லாம் நல்லாத்தான் ஓடும். ஆர்டர் கைக்கு வந்ததும் மெதுவா சரி பண்ணிக்கலாமே."

"அது வரைக்கும் யாராவது வேற தோட்டாவைப் போட்டா? கன்னத்தோட ஒட்டிவச்சுச் சுடுற சாமான்ங்க அது."

மாமா லேத்தை விட்டு விலகி வந்தார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "வா, முதலாளிகிட்ட நானும் வர்றேன்" என்றார்.

முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் அப்படியே சரிந்தார். "கட்டின பாவத்துக்கு விட்டுக்கொடுக்கணும்னு சொல்லுவாங்க, சரி. அதை என் கம்பெனியிலயா விட்டுக்கொடுப்பீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மறைத்துவிடலாம் என்ற பேச்சு அவர் வாயிலிருந்து வரவில்லை. கேஜைப் பூட்டி வைத்த கை யாருடையது என்று அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் செயலாளர் அம்மா வந்ததும் அக்காதான் சொன்னாள். "அம்மா, இன்னைக்கு எதையும் சுட வேண்டாம். எங்க துப்பாக்கியும் தப்பு, எங்க தோட்டாவும் தப்பு. ரெண்டும் சேர்ந்து சரி மாதிரி நடிக்குது."

செயலாளர் அம்மாவின் முகம் இறுகிவிட்டது. கேஜைத் தானே வாங்கிப் போட்டுப் பார்த்தார், இன்னொன்றிலும் போட்டுப் பார்த்தார். "போட்டி சீசன் நெருங்குது. நான் வேற இடம் பார்க்கணுமா?"

"ரெண்டு வாரம் குடுங்க."

"ரெண்டு வாரம்தான். அன்னைக்கும் லொடலொடன்னா என்கிட்ட எதுவும் பேசக் கூடாது" என்றார். பழைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

முதலாளி பீரோவைத் திறந்து கேஜை வெளியே வைத்தார், தோட்டா விளிம்பை அளக்கவும் தனியாக ஒரு கேஜ் வரவழைத்துக் கொடுத்தார். ஒரு சட்டமும் போட்டார்: இந்த ஷெட்டிலிருந்து அந்த ஷெட்டுக்கு ஒரு டம்மி போகக் கூடாது, ஒரு துப்பாக்கி வரக் கூடாது. அவரவர் கேஜைப் பார்த்து அவரவர் வேலை. துப்பாக்கிக்குச் சிகிச்சை சுலபம். போல்ட்டின் முன்னால் இருக்கிற தலையைத் திருகிக் கழற்றிவிட்டுச் சற்று நீளமான தலையைப் போட்டால் இடைவெளி சரியாகிவிடும். அக்காவின் ஆட்கள் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றாக கேஜ் போட்டார்கள். மாமாவின் பாடுதான் திண்டாட்டம். மருந்து நிரப்பிய தோட்டாவை லேத்தில் பிடிக்க முடியுமா? செய்து அடுக்கியிருந்த அத்தனையையும் பிரித்து, பித்தளையை ஸ்கிராப்பில் கொட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை. முற்றத்தின் இந்தப் பக்கம் நின்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். உதவப் போகலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தாள். முதலாளி ஜன்னலிலிருந்து கனைத்தார். திரும்பிவிட்டாள்.

அந்த இரண்டு வாரமும் அக்காவுக்குப் பாதித் தூக்கம்தான். கேஜ் சரி என்று சொல்கிறது, ஆனால் அவர் தோட்டாவைப் போட்டுப் பார்க்காமல் இது துப்பாக்கிதானா என்று ஒரு பயம். அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். விளிம்பு எவ்வளவு என்று கேட்டால் சொல்லிவிடுவார். அவள் கேட்கவில்லை.

இரண்டு வாரம் முடிந்ததும் சுடுதளத்துக்குச் செயலாளர் அம்மா அதே பழைய துப்பாக்கியோடு வந்தார். முதலில் மாமாவின் புதுத் தோட்டாவை அதில் போட்டார். கைப்பிடி இறங்கியது. சுட்டார், குப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்து வேறு கம்பெனித் தோட்டாவை அக்காவின் துப்பாக்கியில் போட்டார். ஆட்டமில்லை. அதையும் சுட்டார். அந்தக் குப்பியையும் அப்படியே திருப்பிப் பார்த்தார். முதலாளி நகத்தைக் கடித்துக் கடித்து விரலுக்கே வந்துவிட்டார்.

"இப்ப உங்க தோட்டா, உங்க துப்பாக்கி" என்றார் அந்த அம்மா.

மாமா தடுப்புச் சுவருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத மாதிரி நின்றுகொண்டிருந்தார். "இங்கே வாங்க. நீங்களே போடுங்க" என்று அக்கா கூப்பிட்டாள். அவர் வந்து தோட்டாவை வைத்தார். அவள் கைப்பிடியைப் பிடித்தாள். போல்ட்டைத் தள்ளினாள். கைப்பிடி இறுகவும் இல்லை, ஆடவும் இல்லை. சுகமாக இறங்கி உட்கார்ந்தது.

அக்கா அங்கேயே பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"அட, இறங்கிடுச்சே! அப்புறம் எதுக்கு அழுகை?" மாமா பதறிப்போனார்.

"இவ்வளவு நாளும் உங்களைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். இதுதாங்க உங்களைப் பார்க்காம செஞ்சது. பொருந்தாம போயிடுமோன்னு உசிரே போச்சு."

"எனக்கும்தான்" என்றார் மாமா.

செயலாளர் அம்மா துப்பாக்கியை வாங்கிக்கொண்டு படுத்தார், குறி பார்த்தார், சுட்டார். தூரத்துப் பலகையில் கறுப்பு வட்டத்துக்குள் ஓட்டை விழுந்தது. எழுந்து முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டே, "எல்லாத்தையும் எடுத்துக்கிறேன், அடுத்த லாட்டையும் சேர்த்துத்தான். அன்னைக்குக் குடிக்காம போன டீ இருக்கா?" என்று கேட்டார். முதலாளி தானே ஓடினார் டீ கொண்டுவர.

மாமா குனிந்து வெற்றுக் குப்பியை எடுத்தார். இன்னும் சூடாக இருந்தது, கை மாற்றி மாற்றி அக்காவிடம் கொடுத்தார். அவள் வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைச் சுற்றிலும் பார்த்தாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள்.

கல்யாணமான நாளாக அவர் வேலையைப் பற்றி அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமா காதுவரைக்கும் சிவந்துபோய், ஃபிட்டர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.