ஒரு வேலிப் புல்

உச்சவரம்புக்கு மேல் இருக்கிற நிலம் உழைக்கிறவனுக்கே என்று மன்னார்குடிச் சாலையில் இருந்த சுவரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்து என்னவோ பெரிசாகத்தான் இருந்தது, நிலம்தான் வந்தபாடில்லை. இராஜாங்கம் பண்ணையில் ஆறரை ஏக்கருக்கு மேல் வரும் தெற்குவெளி ஒரு வேலி நிலமும் அப்படி மிச்சமாக வரவேண்டியது. அதில் நாற்று நட்டுக் களையெடுத்துக் கதிரறுத்தே முதுகு வளைந்த ஏழு குடும்பங்கள் மனுப் போட்டிருந்தன. வேம்பு வீடு அதில் ஒன்று.

பண்ணையார் சும்மா இருப்பாரா? மேய்ச்சல் தரை என்றால் உச்சவரம்பில் சேராது என்று எந்த வக்கீலோ காதில் ஓதிவிட்டார். அந்த ஆனியில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்தும் தெற்குவெளியில் மட்டும் ஏர் இறங்கவில்லை. சுற்றிலும் குறுவை நெல் கதிர் வாங்கி நிற்க, நடுவில் அது மட்டும் இடுப்பளவு மண்டிக் கிடந்தது. ஆவணிக் கடைசியில் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும் எங்கிருந்தோ பன்னிரண்டு மாடுகளை ஓட்டிவந்து உள்ளே விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்த அதிகாரி புதன்கிழமையே ஜீப்பில் வந்து இறங்கினார். மனுவை எழுதிக் கொடுத்த விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்களுக்குத் தகவல் இல்லை. அது யார் செய்த ஏற்பாடு என்று கேட்கவே வேண்டாம்.

"நீ வாயத் தொறக்காத. சங்கத்துலேருந்து வந்து பேசிக்குவாங்க" என்றான் வேம்புவின் புருஷன் செல்லதுரை.

"அவங்க வர்றதுக்குள்ள இவரு எழுதிட்டுப் போயிருவாரு" என்றாள் வேம்பு.

அதிகாரி வரப்பில் நின்றபடியே ஒரு சுற்றுப் பார்த்தார். புல் இருந்தது, மாடும் இருந்தது. பேனாவைத் திறந்தார். மனு கொடுத்த ஏழு வீட்டு வயிற்றையும் ஒரே வரியில் அடிக்க எப்படி மனசு வருகிறது இந்த மனுஷனுக்கு? வேம்பு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள். வெட்டுக்கிளிகள் நாலாபக்கமும் தெறித்தன.

"ஐயா, எழுதறதுக்கு முந்தி கொஞ்சம் இறங்கி வந்து பாருங்க. மாடு காலங்காலமா மேஞ்ச எடம்னா காஞ்ச சாணி கெடக்கணும். பொரட்டுனா அடியில கறையான் இருக்கும். எங்க ஊரு மாடு மேயிற மந்தைவெளியில போயிப் பாருங்க. இங்க முந்தாநாள் போட்ட சாணியத் தவிர ஒண்ணு காட்டுங்க!"

"மாடு முந்தாநாள் வந்திருக்கலாம்மா. புல்லு முந்தாநாளா முளைச்சிச்சு?" என்றார் அதிகாரி. பக்கத்தில் நின்ற பண்ணையார் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் வேம்புக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷம் இதே வயலில், இதே புல்லை ஒன்றுவிடாமல் பிடுங்கியிருக்கிறாள். ஒரு தூர் தப்பிவிட்டால் இதே மனுஷர் வரப்பில் குடையோடு நின்று, "கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று ஏசி, கரையேறினவளை மறுபடி சேற்றில் இறக்கிவிடுவார். அன்றைக்கெல்லாம் களையாக இருந்தது, சட்டம் வந்ததும் புல்லாகிவிட்டதா? அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா!

குனிந்து பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் போட்டாள். "இது குதிரைவாலி. இது கோரை. இந்தா, நாலு எலையா இருக்கே, இது ஆரை. இம்புட்டும் நஞ்சையில நெல்லோட மொளைக்கிற களைங்க. மேய்ச்சத் தரையில அருகும் நெருஞ்சியும் கெடக்கும். இதுல ஒரு முள்ளு உங்க கால்ல குத்துதா?"

"எனக்கு எல்லாம் ஒரே பச்சையாத்தாம்மா தெரியுது" என்றார் அதிகாரி.

"தெரியாதுங்க. நாங்க கணுவுல பாப்போம். எலை தொடங்குற எடத்துல சின்னதா நாக்கு நீட்டிக்கிட்டு இருந்தா அது நெல்லு. நாக்கு இல்லாட்டி குதிரைவாலி. போன அறுப்புல சிந்துன நெல்லும் இதுக்குள்ளேயே மொளைச்சிக் கெடக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டுறேன் பாருங்க."

காலடியிலேயே நெல் ஒன்று நின்றது. தண்டு பருத்துப் பொதி கட்டி, இன்னும் நாலு நாளில் கதிர் தள்ளப்போகிற தூர். வேம்பு அதை அடியோடு பிடித்து இழுத்தாள். வேர் மண்ணோடு வந்தது.

"ஏய்! பயிரப் புடுங்கறியேடி! சூலு புடிச்ச பயிரு, கண்ணு தெரியல?" என்று வரப்பிலிருந்து கத்தினார் பண்ணையார் இராஜாங்கம்.

கத்தின பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருக்கிறது. முகம் வெளிறிவிட்டது. ஐம்பது வருஷமாய் நெல்லைப் பார்த்து வளர்ந்த வாய், வக்கீலிடம் கேட்டா பேசும்?

"பயிருங்களா?" என்றார் அதிகாரி, மெதுவாகத் திரும்பி.

"அது... சும்மா, பழக்கத்துல..."

"பழக்கத்துலதாங்க" என்றாள் வேம்பு. "நெல்லு வெளையற எடத்துல நின்னு வந்த பழக்கம். மந்தையில நின்னு வந்துச்சா? எழுதுங்கய்யா."

அதிகாரி மாடுகளைப் பார்த்தார், பண்ணையாரைப் பார்த்தார், பேனாவை மூடப் போனார். அன்றைக்குப் பண்ணை வீட்டில் அவருக்கு விருந்துச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். வேம்பு நகரவில்லை. வரப்பில் கூடியிருந்த மனுக்கார வீட்டுப் பெண்களில் ரெங்கம்மாள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு மற்ற பெண்களும் இறங்கினார்கள். வாயைத் திறக்காதே என்ற செல்லதுரையும் வந்து நின்றான்.

அதிகாரி எழுதினார்.

"படிங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, காது கேக்கும்" என்றாள் வேம்பு.

"நஞ்சை நிலம். சாகுபடிக்குரியது. வேண்டுமென்றே தரிசாக விடப்பட்டுள்ளது" என்று படித்தார்.

பண்ணையார் வேம்புவின் பக்கம் திரும்பினார். "இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் வயல்லயும் இனிமே உனக்குக் களையெடுக்குற வேலை கெடையாது. பாத்துக்க."

"இந்த ஒரு வேலியில எவ்வளவு களை கெடக்கு பாத்தீங்கள்ல?" என்றாள் வேம்பு. "எங்களுக்கு இதை எடுக்கவே கை பத்தாது."