செல்வாம்பாள் வரவில்லை

எங்கள் பிளஸ் டூ வகுப்புக்கு வாட்ஸப் குழு ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்குப் பயம்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவளுகள் கூடினால் என்ன பேசுவாளுகள் என்று எனக்குத் தெரியாதா? யாருக்கு எப்போது கல்யாணம் ஆயிற்று, எத்தனை பிள்ளை, எவளை எவன் விட்டுவிட்டுப் போனான், அதுதானே? பொழுது விடிந்தால் ஒரு பூப்படத்தைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ படிக்கும்போது, பொங்கல் கழிந்த கையோடு, என்னை விழுப்புரம் பக்கத்தில் ஒருத்தனுக்குக் கட்டி வைத்தார்கள். பரீட்சை எழுத அனுப்புகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அனுப்பவும் செய்தார்கள். தாலியைச் சீருடைக்குள் மறைத்துக்கொண்டு எழுதினேன்; ஆனாலும் வகுப்பு முழுக்கத் தெரிந்துபோயிற்று. எழுதி முடித்தவள் அவன் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி அந்தக் கல்யாணத்தை அத்து விட்டார்கள். சில வருஷம் கழித்துப் பலராமனைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு எல்லாம் தெரியும். எங்கள் ஒரே மகள் அபிக்குத்தான் தெரியாது. "அந்தக் கருமம் அவளுக்கு எதுக்கு?" என்று அவர்தான் சொன்னார். எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

இப்போது அபிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன், கடலூர். தங்கமான பையன். அவன் அம்மாதான் ஒரு மாதிரி. பெண் பார்க்க வந்த அன்றே, குடித்த காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன், "எங்க வகையறாவுல அறுத்துக் கட்டுன, ரெண்டாங் கல்யாணம் பண்ணுன பேச்சே கெடையாதுங்க. உங்க பக்கமும் அப்படித்தானே?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த நேரம் பார்த்து ஜீனத்துன்னிசா பிரான்சிலிருந்து லீவில் வந்தாள். பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரி. அவள் வந்ததைச் சாக்காக வைத்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று குழுவில் நாள் குறித்தார்கள். தலைவலி, கால்வலி என்று எதையாவது சொல்லித் தட்டிக்கழிக்கலாம் என்றிருந்தேன். அபி விட்டால்தானே? "பத்திரிகை குடுத்த மாதிரியும் ஆச்சு, உன் ஃப்ரெண்ட்ஸ நான் பார்த்த மாதிரியும் ஆச்சு. நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன், கெளம்பு" என்று பிடிவாதமாக நின்றாள்.

எங்கள் வீடு இருக்கும் கருவடிக்குப்பத்திலிருந்து டவுன் போய்ச் சேரும்வரை வண்டியின் பின்னால் உட்கார்ந்து சாமியை வேண்டிக்கொண்டே போனேன். யார் வந்தாலும் பரவாயில்லை, தனக்கொடி மட்டும் வரக் கூடாது. அவள் வாயில் எதுவும் தங்காது. அதோடு, அவள் இப்போது குடியிருப்பது மாப்பிள்ளை வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி.

ஹோட்டல் மாடி ஏறியதும் முதலில் கண்ணில் பட்டவளே தனக்கொடிதான்.

"அடியே அமுதவல்லி! இன்னாடி இப்படி ஊதிட்ட?" என்று கட்டிக்கொண்டாள். "இதான் கல்யாணப் பொண்ணா? வா கண்ணு, என் பக்கத்துல உக்காரு."

அபியும் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இடது காது கேட்காது; வலது காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

பிரியாணி வந்ததும் தனக்கொடி கரண்டியால் மேசையைத் தட்டினாள். "எல்லாரும் கேளுங்கடி. அந்தக் காலத்து மாதிரியே அட்டெண்டன்ஸ் எடுக்கப் போறேன். பேரைக் கூப்பிட்டா எழுந்து 'உள்ளேன் அம்மா' சொல்லணும். அப்புறம் இத்தினி வருஷம் இன்னா பண்ணீங்கன்னு ஒழுங்கா ஒப்பிக்கணும்."

இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி அன்றைக்கும் என் பேர்தான் முதல். இன்றைக்கும் அதே தலையெழுத்து.

"உள்ளேன் அம்மா" என்று எழுந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வீட்டுக்காரர் மின்துறையில இருக்காரு. நான் பிளவுஸ் தைக்கிறேன். ஒரே பொண்ணு. அடுத்த மாசம் கல்யாணம். எல்லாரும் அவசியம் வரணும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எவளாவது ஒருத்தி, "இவரு ரெண்டாவது வீட்டுக்காரர்தானே?" என்று கேட்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். தனக்கொடி அடுத்த பேருக்குப் போய்விட்டாள்.

ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு மாமியார் சண்டை, ஒருத்தி காலாப்பட்டில் வீடு கட்டியிருக்கிறாள். எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. தனக்கொடி வாய் அபி பக்கம் திரும்பும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"செல்வாம்பாள்!"

யாரும் எழவில்லை. எங்கள் வகுப்புக்காரிதான், ஆனால் வரவில்லை.

"அவ எப்படிடி வருவா?" என்றாள் நர்ஸாக இருக்கும் செந்தமிழ்ச்செல்வி. "கல்யாணமாகி, தாலியோட வந்து பரீட்சை எழுதினாளே, அவதானே செல்வாம்பாள்?"

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"அவளேதான்!" என்றாள் தனக்கொடி. "அங்க ரெண்டு மாசம்கூட குப்பை கொட்டல. வேற எவன்கூடவோ பழக்கமாம். புருஷன் கண்டுபுடிச்சு வெரட்டி உட்டுட்டானாம். எங்க அம்மா அப்பவே சொல்லுச்சு."

"பாவம்டி" என்றாள் ஜீனத். பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளே பாவம் என்றாள், அதுவும் செல்வாம்பாளுக்கு!

இத்தனை வருஷமாக இவளுகளுக்குப் பயந்து கோயில் குளம், கல்யாணம் காட்சி எதற்கும் டவுன் பக்கம் தலைகாட்டாமல் இருந்தேன். இவளுகளுக்கோ அது யார் என்றுகூட ஞாபகமில்லை. பொய் சொல்வானேன், முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். ஆள் மாறிப்போய்விட்டது. இனி பயமில்லை. பேசாமல் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனால் எல்லாம் முடிந்தது.

அபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்த வயசுல ரெண்டு ஆளா? பெரிய கில்லாடிதான் ஆன்ட்டி அவங்க!"

எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! நான் பெற்ற மகள் என்னைத்தான் சொல்லிச் சிரிக்கிறாள், அது நான் என்று தெரியாமலே சிரிக்கிறாள்.

"வாயை மூடுங்கடி!" என்று கத்திவிட்டேன். "அது செல்வாம்பாள் இல்ல. நான். தாலியோட பரீட்சை எழுதினது நான். எனக்கு எவன்கூடவும் பழக்கமில்ல. படிக்கணும்னு சொன்னதுக்கு அடிச்சான். இந்த எடது காது அவன் அடிச்ச அடியில போனது. யாரும் என்னை வெரட்டல, நானா வந்தேன். இனிமே செல்வாம்பாள் பேரை எவளாவது இழுத்தீங்க, நாக்கு அழுகிடும்!"

"அமுதா, சத்தியமா எனக்கு..." என்று தனக்கொடி தடுமாறினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அபியைத்தான் பார்த்தேன். முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"டைஃபாய்டுல காது போச்சுன்னு சொன்னியேம்மா?"

"பொய் சொன்னேன்டி."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது." பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். நான் கையைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே ஓடினேன்.

அபி வண்டியைக் கிளப்புவதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு தாண்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். அழுதிருக்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை எடுத்தாள்.

"யாருக்குடி?"

"ஹரிக்கு."

"வேணாம்டி. உன் கால்ல வேணா விழறேன். அந்தம்மாவைப் பத்தி உனக்குத் தெரியாது."

"தனக்கொடி ஆன்ட்டி கடலூர் பஸ் ஏறதுக்குள்ள நாமளே சொல்லிடணும்மா. அவங்க வாயால போனா அது வேற கதையாத்தான் போகும்." அதற்குள் அவன் எடுத்துவிட்டான். "ஹரி, எங்கம்மாவுக்கு இதுக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சாம். பதினேழு வயசுல. அந்தாளு அடிச்சான், எங்கம்மா வந்துட்டாங்க. எனக்கே இப்பதான் தெரியும். உங்கம்மாகிட்ட சொல்லிடுங்க."

ஆயுசு பூராவும் நான் பொத்திப் பொத்தி வைத்ததை, ரோட்டோரம் நின்று ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள்.

"இன்னா சொன்னாரு?"

"அம்மாகிட்ட பேசிட்டுக் கூப்புடுறாராம்."

வண்டியைப் பிடித்துக்கொண்டேன். "அடிப்பாவி, ஊரெல்லாம் பத்திரிகை வச்சாச்சேடி. கல்யாணம் நின்னுபோச்சுன்னா?"

அபி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"நிக்கட்டும்மா. நீ தாலியோடவே வந்துட்ட. எனக்கு இன்னும் கட்டவே இல்ல. ஏறு, போலாம்."