அவிழாத கொண்டை

கொண்டையை அவிழ்க்க வந்த கையைக் கனகலட்சுமி தட்டிவிட்டாள்.

“தொடாத.”

ராக்கம்மாளின் கை அந்தரத்திலேயே நின்றது. ஐஸ் பெட்டியைச் சுற்றித் தலையை விரித்துப்போட்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று அழுகையை நிறுத்திக்கொண்டார்கள். புருஷன் பெட்டிக்குள் கிடக்கிறான், பெண்டாட்டி கொண்டை கலையாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் ஆனையூரில் சும்மா விடுவார்களா? பேசட்டும் என்று கனகலட்சுமி நினைத்தாள். கொண்டையை அவிழ்த்தால் முடி உதிரும். உதிர்ந்ததை எடுத்துக்கொண்டு போகத்தானே கொழுந்தன் பெண்டாட்டி ராக்கம்மாள் இவ்வளவு நெருங்கி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

சீப்பில் வரும் முடியைச் சுருட்டிக் குளியலறை ஜன்னலில் செருகி வைப்பது கனகலட்சுமியின் வழக்கம். கை நிறையச் சேர்ந்ததும் தெருவில் வரும் முடிக்காரனிடம் போட்டுவிட்டுக் கொண்டை ஊசியோ பிளாஸ்டிக் டப்பாவோ வாங்கிக்கொள்வாள். பல வருஷத்துக்கு முன்னால் அந்த முடி அவ்வப்போது காணாமல் போக ஆரம்பித்தது. பல்லி தின்னுமா, காற்று கொண்டுபோகுமா? அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் கொல்லைப்புறம் ஒன்றுதான். வந்து போகிற பொம்பளை ராக்கம்மாள் ஒருத்திதான். செய்வினை வைக்க எதிராளியின் தலைமுடி வேண்டும் என்பது யாருக்குத் தெரியாது? கனகலட்சுமிக்கு முட்டிவலி வந்தது, மகள் தமிழ்வாணிக்கு முதல் பிள்ளை தங்காமல் போனது, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

போன தை மாதம் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். சூடத்தைக் கொளுத்தி வைத்து, அணைத்துச் சத்தியம் பண்ணு என்றாள். ராக்கம்மாள் எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, அணைந்த பிறகும் எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றாள். சத்தம் கேட்டு மாடியிலிருந்து பாதிப்படி இறங்கி வந்த புருஷன் சிவபாண்டி, “அது வந்து கனகு…” என்று ஆரம்பித்தார்.

“நீங்க வாயத் தொறக்காதீக. தம்பி பொண்டாட்டின்னா ஒடனே வக்காலத்துக்கு வந்துருவீகளே!”

அவர் நின்றார். பிறகு திரும்பி மாடிக்கே ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் ஜன்னலில் வைத்த முடி வைத்த இடத்திலேயே இருந்தது. அகப்பட்டுக்கொண்டவள் நிறுத்திக்கொண்டாள், இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று கனகலட்சுமி அவளோடு பேச்சை முறித்துக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் சிவபாண்டி தம்பி வீட்டில் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தார். சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மாரடைப்பு என்றார். டாக்டருக்கு மோரைப் பற்றி என்ன தெரியும்?

மகள் தமிழ்வாணி வந்து குனிந்தாள். “ம்மா, பிளெக்ஸ் அடிக்கப் போட்டோ கேக்குறாங்க. அப்பாவோட நல்ல போட்டோ மாடி ரூம்லதான் இருக்கு. சாவி எங்க?”

“எங்கிட்டக் குடு தமிழு, நான் போயி எடுத்தாரேன்” என்றாள் ராக்கம்மாள். “நீ ஆத்தாகூட இரு.”

அந்த அறைக்குள் போக இவளுக்கென்ன இத்தனை அவசரம்? வைத்த எதையாவது எடுக்கவா, இல்லை புதிதாக வைக்கவா? கனகலட்சுமி முந்தியில் முடிந்திருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“யாரும் போக வேணாம். நானே போறேன்.”

முட்டி கெட்டதிலிருந்து அவள் மாடி ஏறியதே இல்லை; அதற்கு முன்பும் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். பின்னால் மகள் வந்தாள்.

அந்த அறையில் அவர் ரயில் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது கனகலட்சுமிக்குத் தெரியும். மோட்டார் காயில் கட்டும் கடையைப் பார்த்துக்கொண்டு மிச்ச நேரமெல்லாம் பொம்மை ரயிலோடு கிடக்கிறவரை அவள் திட்டாத நாளில்லை. இப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள். கதவில் ஆரம்பித்துச் சுவரை ஒட்டி ஜன்னல் வரைக்கும் இடுப்பு உயரத்தில் பலகை ஓடியது. பலகை முழுக்க நிலம். மலை இல்லை, குகை இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பொட்டல், அங்கங்கே உடைமரம், விளக்குமாற்று ஈர்க்கில் செய்த பனை. நடுவே பழைய மீட்டர் கேஜ் தண்டவாளம். ஆளில்லாத கேட்டில் ஒரு ரயில் நின்றிருந்தது.

“வெறும் பொட்டலா இருக்கேப்பான்னு வீடியோ கால்ல கேட்டேன்” என்றாள் தமிழ்வாணி. “மலைய எவனும் செஞ்சுருவான், ஒண்ணுமில்லாத நெலத்தச் செய்யுறதுதாம்மா செரமம்னாரு. இந்த மண்ணு பூராம் நம்ம வீட்டு டீத்தூளு. நீ வடிகட்டிக் கொட்டுறத எடுத்துக் காய வெச்சிருக்காரு.”

கனகலட்சுமி காதில் வாங்கவில்லை. சிரமப்பட்டுக் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தாள். எலுமிச்சம்பழம், தகடு, தாயத்து ஒன்றும் அகப்படவில்லை. மூலையில் எதுவோ செம்பு நிறத்தில் சுருண்டு கிடந்தது.

“அது என்னாடி?”

“காயில் கட்டுற கம்பிம்மா. தண்டவாளம் ஓரமா தந்திக் கம்பி போகுதுல்ல, அதுக்கு மொதல்ல இதக் கட்டிப் பாத்தாராம். மினுங்குதுன்னு அத்துட்டாரு. நூலக் கட்டுனா பிசிறடிக்குதாம். அப்பறம் ஒருநா, சரியான கம்பி கெடச்சிருச்சு தமிழுன்னாரு. என்னான்னு கேட்டா சிரிக்கிறாரு.”

ஊதுபத்திக் குச்சிகளைத்தான் கம்பமாக நட்டிருந்தார். குச்சியின் உச்சியில் பீங்கான் குமிழாக வெள்ளையடித்த கடுகு. கம்பத்துக்குக் கம்பம் கம்பி போயிற்று. அதன் மேல் எள்ளளவுக்குக் கரிச்சான் குருவிகள். கனகலட்சுமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையின் மேல் குனிந்தாள். விரலை நீட்டி ஒரு கம்பியைத் தொட்டாள்.

அவள் தலைமுடி அவளுக்குத் தெரியாதா?

கதவுப் பக்கத்துக் கம்பங்களில் கம்பி கன்னங்கரேல் என்றிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் செம்பட்டையானது. தமிழ்வாணி கல்யாணத்தை ஒட்டி நரையை மறைக்க அவள் மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டிருந்த காலம். கேட்டைத் தாண்டியதும் கறுப்பும் வெளுப்புமாகக் கலந்து, அப்புறம் முழுக்க வெள்ளையாகவே ஓடியது. ஜன்னலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோயிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கம்பங்கள் மட்டும் வெறுமனே நின்றன.

போன தையோடு நின்றுவிட்டது.

‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுசா’ என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிஷமே பாதிப்படியில் நின்ற அவர் முகம் நினைவுக்கு வந்தது. சொல்லத்தானே இறங்கி வந்தார். வாயைத் திறக்க விடாதது யார்? சூடத்தின் மேல் இருந்த கையும் நினைவுக்கு வந்தது. அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். மனிதர் போனதற்கு நேற்றிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது.

“என்னம்மா? அது என்னா கம்பி?”

“ஒண்ணுமில்ல. போட்டோவ எடு.”

இறங்கி வருவது ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது. கூடத்தில் பெண்கள் அவள் கொண்டையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்கம்மாள் அடுக்களை வாசலுக்கு ஒதுங்கிப்போய், யார் கண்ணிலும் படாத மாதிரி நின்றிருந்தாள். கனகலட்சுமி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“ஏ ராக்கு.”

அந்தப் பேரை அவள் வாயால் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ராக்கம்மாள் நகராமல் நின்றாள்.

“கையத் தூக்க முடியலடி. நீயே வந்து அவுத்து விடு.”

ராக்கம்மாள் வந்து முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கொண்டை சரிந்து நரைமுடி முதுகில் விழுந்தது. ஒற்றை முடி உதிர்ந்து தரையில் கிடந்தது. அதைக் கண்டதும் ராக்கம்மாள் வெடுக்கென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு வேணாங்க்கா. நான் தொடல.”

கனகலட்சுமி அந்த முடியை நகத்தால் எடுத்தாள். ராக்கம்மாளின் கையைப் பிடித்து இழுத்து விரித்தாள். உள்ளங்கை நடுவில் சூடம் சுட்ட இடம் இன்னும் கறுத்திருந்தது. முடியைச் சுருட்டி அதன் மேல் வைத்து, விரல்களை மூடினாள்.